அவர் கண்ணுக்கு மட்டும் வளைந்த கோடு

எனக்கு முதல் நாளிலிருந்தே பயம் அவருடைய கண்ணைப் பற்றித்தான். சார்பியல் கொள்கை பொய் என்று நிரூபிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு என் வீட்டுக்காரர் ஒரு பச்சை லேசர் விளக்கோடு வீட்டுக்குள் நுழைந்தார். நான் இயற்பியல் டீச்சர். லேசர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து தொலைத்ததுதான் என் தலைவிதி. தெரியாதவளாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரன்மேல், மேனேஜர்மேல், அரசாங்கத்தின்மேல் கோபப்படுகிற ஆண்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஓர் இயற்பியல் கொள்கையின்மேல் பல்லைக் கடிக்கிற ஆளை நான் கட்டிக்கொண்டு வந்தேன். முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதே கொள்கையைப் போர்டில் எழுதிப்போட்டுவிட்டு, பஸ்ஸில் இடிபட்டு வீடு வந்து சேர்ந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும்.

"இன்னா, இன்னிக்கும் அந்தப் பொய்யத்தான் புள்ளைங்களுக்கு ஊட்டிட்டு வந்தியா?"

"ஆமாங்க, ஊட்டிட்டுத்தான் வந்தேன். மார்க்கும் போட்டேன். நகருங்க, கால் வலிக்குது."

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். இன்ஜினுக்குப் போகும் சின்னச் சின்ன உதிரிபாகங்களை லென்ஸ் வழியாகப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்கித் தள்ளுவது அவர் வேலை. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணை லென்ஸில் வைப்பார். இருபது வருஷப் பழக்கம். வீட்டில் மாத்திரை அட்டையில் தேதி பார்த்தாலும், மீனில் முள் பார்த்தாலும் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல் போனதில்லை என்று கம்பெனியில் பேச்சு. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. சம்பளமும் அந்தக் கண்ணுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

சண்டை எங்கே ஆரம்பித்தது என்றால், ஒரு வீடியோவில். வெளிச்சத்தின் வேகம் யார் அளந்தாலும் ஒன்றேதான் என்பதை அவரால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை.

"ஓடற பஸ்லருந்து பந்து எறிஞ்சா பஸ்ஸோட வேகமும் பந்தோட சேருது. வெளிச்சத்துக்கு மட்டும் சேராதா? அது இன்னா, பெரிய எடத்துப் புள்ளையா?"

"சேராதுங்க. அளந்து பாத்துட்டாங்க."

"யாரு அளந்தது? அவங்களே அளந்து அவங்களே கையெழுத்து போட்டுக்கினாங்க."

போனில் மேப் வேலை செய்வதே அந்தக் கொள்கையால்தான், விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களுக்கு அதன்படி கணக்குப் போட்டுத் திருத்தாவிட்டால் வழியெல்லாம் தப்பாகக் காட்டும் என்று சொன்னேன். "உங்க சொந்த ஊரு குத்தம்பாக்கம். புது பஸ் ஸ்டாண்டு ரோடு போட்டதும் அங்க போறதுக்கே மேப் போட்டுத்தானே போனீங்க?" என்று குத்தியும் காட்டினேன். சிரித்துவிட்டார். சிரித்தாரே ஒழிய, மறுநாள் காலையில் தோசைக்கு நடுவில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

போனில் இவரைப் போன்றவர்களுக்கு ஒரு குழு இருந்தது. ரிடையர் ஆன என்ஜினியர்கள், பேங்க் ஆபீசர்கள், ஒரு சித்த வைத்தியர் என்று சார்பியலை எதிர்க்கிறவர்கள் நிறையப் பேர். அவ்வப்போது உண்மையான இயற்பியல் பேராசிரியர்களும் உள்ளே வந்து பதில் சொல்வார்கள். பதில் என்றால் என்ன, பாதி நேரம் நக்கல்தான். "முதலில் பிளஸ் ஒன் புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று ஒருவர் இவருக்கு எழுதிவிட்டார். அதை என்னிடம் படித்துக் காட்டும்போது இவருக்குக் குரல் நடுங்கியது. எனக்கே அந்தப் பேராசிரியர்மேல் எரிச்சல் வந்தது. கொள்கை சரியாக இருக்கட்டும், அதற்காக மனுஷனை இப்படியா பேசுவது? அன்றைக்குத்தான் இவர் பேசுவதை நிறுத்திவிட்டு, செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினார்.

அவர் கையில் எடுத்தது நூறு வருஷத்துக்கும் முன்னால் நடந்த ஒரு பழைய சோதனையை. ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராகவும் மற்றதைப் பக்கவாட்டிலும் அனுப்பி, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி வந்ததும் ஒன்று சேர்ப்பார்கள். சேரும் இடத்தில் வெளிச்சமும் இருட்டுமாக வரிவரியாகக் கோடுகள் தெரியும். வானவெளியில் ஈதர் என்று ஏதாவது நிரம்பியிருந்து, பூமி அதற்குள் ஓடுவது உண்மையானால், இதையெல்லாம் ஒரு மேசையில் வைத்துச் சுழற்றும்போது கோடுகள் நகர வேண்டும். அன்று நகரவில்லை. நகர்ந்தது, சரியாகப் பார்க்கத் தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்பது இவர்கள் கட்சி. பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன் யார் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

பூந்தமல்லியில் லேத் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அவர் நண்பர்தான் மேசை செய்து கொடுத்தார். லாரி பேரிங், அதன்மேல் பழைய டியூபில் காற்று நிரப்பி, அதன்மேல் சமையல் மேடைக்குப் போடும் கருங்கல் பலகை. சும்மா சொல்லக்கூடாது, ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு சுற்றும். ஒர்க்‌ஷாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சினேன். அங்கே மெட்ரோ வேலையில் தரை அதிர்கிறதாம், கோடு நிற்காதாம். எங்கள் வீடு தரைத்தளம். பின்னறையிலிருந்த துணி பீரோவை ஹாலுக்குத் தள்ளிவிட்டு, கருங்கல்லை உள்ளே ஏற்றினார்கள்.

கோடுகளைச் சுவரில் விழவைத்துப் பார்த்தவரைக்கும் எனக்கு அவ்வளவு பயமில்லை. நானே பள்ளி லேபிலிருந்து ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதைப் போட்டுக்கொண்டால் பச்சை வெளிச்சமே தெரியவில்லை என்று கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டார். சுவரில் கோடு துல்லியமாக இல்லை என்று அடுத்த புகார். ஒரு நாள் நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது, கம்பெனியில் செய்கிற மாதிரியே கல்லின் ஓரத்தில் ஒரு லென்ஸைப் பொருத்தி, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணை அதிலேயே வைத்திருந்தார். லேசர் நேராக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

டீயைக் கீழே போட்டுவிட்டேன். "ஐயோ, எடுங்க கண்ண! எடுங்கன்னா!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இப்படிக் கத்தற? முன்னாடி எக்ஸ்ரே பிலிம் வெச்சிக்கீறேன், பாரு. கிரகணத்தயே இதுலதான பாத்தோம்? கண்ணு கூசவே இல்ல."

"கூசலன்னா நல்லதுன்னு யாருங்க சொன்னது? அந்த விளக்குல பச்சை மட்டும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும் கூட வரும். மலிவு விளக்குல அதத் தடுக்கிற வடிகட்டியே வெக்க மாட்டாங்க. பிலிம் பச்சையக் கொறைக்கும், அதக் கொறைக்காது. சுடுறதே தெரியாம சுட்டுடும்."

"தெரியாத வெளிச்சம், தெரியாத சூடு. உங்க கட்சில எல்லாமே தெரியாததுதான்."

விளக்கை எடுத்து அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தேன். இன்னொன்று வாங்கிவந்தார். அதற்குப் பிறகு பின்னறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குக்கர் சத்தத்துக்கு நடுவில் அந்தத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டால் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருப்பேன். வெளியே வந்ததும் அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கண் சிவந்திருக்கிறதா, தண்ணீர் வடிகிறதா? ஒன்றும் இருக்காது. பேப்பரை எடுத்து வரிவிளம்பரம்வரை படிப்பார். வலிக்கிறதா என்றால் இல்லை என்பார். விழித்திரைக்கு வலி தெரியாது என்று நான் படித்திருக்கிறேன். அதனால் அந்த 'இல்லை' எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

பிறகு ஒருநாள் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு சின்னப் பையன் மாதிரி குதித்து வந்தார். "வளையுது! கோடு நடுவுல நகந்து வளையுது! மாட்டுனாங்க எல்லாரும்!"

நான் சுவரில் விழவைக்கச் சொல்லிப் பார்த்தேன். கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தன. லென்ஸில்தான் தெரியும் என்றார். லென்ஸில் கண்ணை வைக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். ஒர்க்‌ஷாப் நண்பருக்குப் போன் போனது. அவர் பைக்கில் பறந்து வந்து, ஒரு நொடி கண்ணை வைத்து எடுத்தார்.

"ஆமா மச்சான்! வளைஞ்சிகினுதான் கீது! அண்ணி, நீங்க படிச்ச படிப்பெல்லாம் வேஸ்ட்டு!"

அன்று ராத்திரி என்னைப் பிடித்த பயம் வேறு மாதிரி. இவருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று ஒரு பக்கம். ஒருவேளை நான்தான் தப்போ, இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேனோ என்றுகூட இன்னொரு பக்கம். படுக்கையில் புரண்டு புரண்டு, அது முடியவே முடியாது என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். பக்கத்தில் அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

குழுவில் செய்தி போட்டதும் ஒரே ரகளை. ஒரு பக்கம் மாலை மரியாதை, இன்னொரு பக்கம் கேலி. கடைசியில் ஒரு பேராசிரியர், நேரில் வந்து பார்க்கிறேன், தப்பென்றால் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். பிளஸ் ஒன் புத்தகம் படிக்கச் சொன்ன அதே ஆள். இவர் சரி என்றார். கண் ஒரு கவலை என்றால், வந்தவர் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டால் இந்த மனுஷன் தாங்குவாரா என்று இன்னொரு கவலை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவாக்கில் பேராசிரியர் வந்தார். கையில் லேப்டாப் பை, முகத்தில் பரீட்சை ஹாலுக்குள் நுழைகிற கண்காணிப்பாளரின் களை. நான் கொடுத்த காபியை வாங்கிக்கொண்டு, கருங்கல்லைச் சுற்றி வந்தார். மேசையைப் பாராட்டினார். லென்ஸ் பக்கம் போனதும் நின்றுவிட்டார்.

"இதுல நான் கண்ணு வைக்க மாட்டேன் சார்."

"கண்ணு வெக்காம எப்படித் தெரியும்?" இவர் குரல் ஏறியது. "பூமிதான் சுத்துதுன்னு சொன்னவரோட தூரத்துக் கண்ணாடில பாக்கவே மாட்டோம்னு அந்தக் காலத்துல பெரிய மனுஷங்க அடம் புடிச்சாங்களாமே, அதே கதையா கீதே!"

"மாமே, பயந்துட்டாரு பாரு," என்றார் நண்பர்.

பேராசிரியர் தன் போனை லென்ஸில் வைத்துப் படம் எடுத்தார். மேசையைக் கொஞ்சம் சுழற்றி இன்னொரு படம், இன்னும் கொஞ்சம் சுழற்றி மறுபடி ஒரு படம். எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி, ஹாலில் சாப்பாட்டு மேசைமேல் பெரிதாகத் திறந்து வைத்தார். பச்சைக் கோடுகள், கருப்புக் கோடுகள். எல்லாம் நேர்.

"பாருங்க சார். எங்க வளையுது?"

இவர் குனிந்தார். பழக்கப்படி இடது கண் மூடிக்கொண்டது. அடுத்த நொடி முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க போட்டோலயே வளையுதே சார்! இதோ!" என்று திரையில் விரலை வைத்தார்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அங்க நேராத்தான் இருக்கு. சரி, இந்த மூலையில?"

"இங்கயும் வளையுது."

"கீழ?"

"கீழயும் வளையுது சார். நான் எங்க பாக்குறனோ அங்கல்லாம் வளையுது!"

"எல்லா எடத்துலயும் கீதுபா!" என்று நண்பர் கைதட்டினார். பேராசிரியர் முகம் கறுத்துவிட்டது. தன்னை வைத்துக் கூத்தடிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். "விளையாடறீங்களா?" என்று லேப்டாப்பை மூடப் போனார்.

எனக்கு மட்டும் சட்டென்று பொறி தட்டியது. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கெல்லாம். வளைவு படத்திலும் இல்லை, கல்லிலும் இல்லை. அவர் பார்வையோடு சேர்ந்து நகர்கிறது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மூடிவிடும். அதனால்தான் பேப்பர் படிக்க முடிந்தது. லென்ஸ் முன்னால் நிற்கும்போது மட்டும் அவருக்கு ஒற்றைக் கண். பெருமைப்பட்ட கண்.

"என்னங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இப்படி வாங்க. இடது கண்ண மூடிக்கிட்டு அந்த ஜன்னல் கம்பியப் பாருங்க."

"ஜன்னல் எதுக்கு இப்போ?"

"பாருங்கன்னா பாருங்க!"

நான் போட்ட சத்தத்தில் பேராசிரியரும் நின்றுவிட்டார். இவர் ஜன்னலைப் பார்த்தார். எங்கள் காலனியில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி நெட்டுக்கம்பி. முதலில் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி அவர் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார். கம்பியும் வளைகிறது என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. கம்பியை விட்டுவிட்டு, இடது கண்ணை மூடியபடியே மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"உன் மூஞ்சில நடுவுல ஒண்ணுமே இல்லையேம்மா," என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழக்கூடாது, அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன். நண்பர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நான் ஒண்ணும் பாக்கல மச்சான். பச்சையா ஏதோ தெரிஞ்சுது, அவ்ளோதான். நீ வளையுதுன்ன, நானும் வளையுதுன்னேன். உன் கண்ணு தப்பா பாக்குமான்னு நெனச்சேன்டா," என்று தலையில் அடித்துக்கொண்டார். பேராசிரியர் சிரிக்கவில்லை. நான் அத்தனை நாள் பயந்த அந்தச் சிரிப்பு வரவே இல்லை. அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு, "கிளம்புங்கம்மா, நேரமாக்க வேண்டாம்," என்றார். இவருக்குச் சட்டை பட்டனைக்கூட நான்தான் போட்டுவிட வேண்டியிருந்தது.

காரில் இவர் ஒரு கண்ணை மூடுவதும் திறப்பதுமாக, வழியில் தெரிந்த கடைப் பலகைகளையும் மின்கம்பங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயது பெண் டாக்டர். நடந்ததைப் பேராசிரியர்தான் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்லை, இவரை விட்டுக்கொடுக்கவும் இல்லை. சோதனை செய்துகொண்டிருந்தபோது நடந்தது என்று மட்டும் சொன்னார். டாக்டர் இவரைப் பார்த்து, "எந்தக் கண்ண வெச்சுப் பாத்தீங்க?" என்று கேட்டார்.

"வலது கண்ணுதான்."

"இடது கண்ணு வைக்கவே இல்லையே?"

இவர் தரையைப் பார்த்தார். "கடைசில ரெண்டு மூணு தபா வெச்சேன். வலது கண்ணுல கோடு மங்கலா தெரிய ஆரம்பிச்சுது. அதான் இதுலயும் ஒருக்கா பாத்துக்கலாம்னு."

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்காவது அந்தப் பதைப்பு வேண்டாம். ஸ்கேன் எடுத்த பிறகு, இடது கண் தப்பித்துவிட்டது என்றார்கள். வலது கண்ணின் நடுவில் சுட்டது சுட்டதுதான். கொஞ்சம் தெளியலாம், முழுசாக வரும் என்று நம்ப வேண்டாம் என்றார்கள். கம்பெனியில் அவரை லென்ஸ் பக்கத்திலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டிருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்த சங்கதி. அந்த அறையில் அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

டாக்டர் ஓர் அட்டையை நீட்டினார். கட்டம் போட்ட நோட்டுத் தாள் மாதிரி, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. முதலில் வலது கண்ணால் பார்க்கச் சொன்னார். நடுவில் புள்ளியே காணோம், சுற்றிக் கோடெல்லாம் வளைகிறது என்றார் இவர். டாக்டர் எழுதிக்கொண்டார்.

"இப்ப அதை மூடிக்கிட்டு இடது கண்ணால பாருங்க. கோடெல்லாம் நேரா இருக்கா?"

இவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை மாசமாக எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொன்ன மனுஷன் ஒவ்வொரு கோட்டின்மேலும் விரலை ஓட்டினார். பிறகு அட்டையை என் பக்கம் திருப்பினார்.

"நீ சொல்லு. இது நேரா கீதா?"

"சார், உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு நீங்கதான் சொல்லணும். அவங்க சொல்லக்கூடாது," என்றார் டாக்டர்.

"எனக்கு நேராத்தாம்மா தெரியுது," என்றார் இவர். "ஆனா எனக்குத் தெரியறது நெசம்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லு. நீ சொன்னா நம்பறேன்."

நீ சொன்னால் நம்புகிறேன் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக நான் அந்த வீட்டில் தலைகீழாக நின்றிருக்கிறேன். இப்படி ஓர் இடத்தில், இப்படி ஒரு குரலில் அது கிடைக்கும் என்று யார் கண்டது. அட்டையைக் கையில் வாங்கி, ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன்.

"நேராத்தான் இருக்குங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். டாக்டர் பக்கம் திரும்பி, "நேரா கீதாம்," என்றார்.